சொறிக் களிம்பை எப்படிப் பூசுவது?

திருமங்கலம் பக்கம் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். சொறிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பெர்மெத்ரின் 5% களிம்பை வாங்கிப் போய்ப் பூசிவிட்டு, "கேக்கலையேண்ணே" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. விசாரித்தால் பெரும்பாலும் பூசியதில்தான் கோளாறு இருக்கும்.

சொறி உடம்புச் சூட்டினால் வருவதில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி தோலுக்குள் துளைத்துப் போய் முட்டையிடுகிறது. ராத்திரியில் அரிப்பு கூடும். ஒட்டிப் படுத்தால் பரவும். ஹாஸ்டல் பிள்ளை லீவுக்கு வந்துபோன பிறகு வீடே சொறிவது அதனால்தான். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். "அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு வீணா?" என்று வீட்டுக்காரரை விட்டுவிடும் அக்காக்களோடு நான் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். அரிக்காத அந்த ஒருவரிடமிருந்தே மறுபடி எல்லோருக்கும் வந்துவிடும். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும்.

அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் போதாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், பாவாடை நாடா கட்டும் இடம், பிறப்புறுப்பு, நகக்கண் எதையும் விடக்கூடாது. பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் தேவைப்படும். ஒரே டியூபை நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் பத்தாது. வெந்நீரில் குளித்த சூட்டோடு பூச வேண்டாம். உடம்பு ஆறி, ஈரம் உலரட்டும். 8 முதல் 14 மணி நேரம் இருக்கட்டும், காலையில் குளித்துவிடலாம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூசிய பிறகு பாத்திரம் கழுவுவது, கை கழுவிச் சாப்பிடுவது. பூச்சி அதிகம் குடியிருப்பதே கையில்தான்! வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பூசுங்கள். அப்படியும் கை நனைந்தால் அங்கே திரும்பப் பூசுங்கள். 7ஆம் நாள் இன்னொரு தடவை, பெரும்பாலும் அதோடு சரி.

அதோடு நிறுத்துவதுதான் பலருக்கு முடிவதில்லை. பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். செத்த பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் தோல் காட்டும் எதிர்ப்பு அது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூசினால் தோல் காய்ந்து எரியும், அரிப்பு இன்னும் கூடும். அரிப்புக்குத் தனி மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். படைக்கு வாங்கி வைத்த ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அமுங்கும், பூச்சி உள்ளே பெருகும்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். 2 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கண், வாயைத் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் பூசச் சொல்வதுண்டு. குழந்தை விரல் சூப்பாமல் இருக்கக் கையில் காட்டன் சாக்ஸ் மாட்டுங்கள். பழைய சீட்டைக் காட்டி காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு லோஷன் கேட்பவர்களும் உண்டு. அது நரம்பைத் தாக்கும், வலிப்பு வரலாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது கூடவே கூடாது.

இது பருத்திக்காட்டு ஊர். "இதுவும் பூச்சிமருந்துதானே, காட்டுக்கு அடிக்கிறதையே எண்ணெயில கலந்து தடவினா என்ன?" என்று கேட்டவர் உண்டு. பெர்மெத்ரினும் அந்த இனத்து மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் களிம்பில் இருப்பது தோலுக்கென்று அளந்து செய்தது. வயலுக்கு அடிப்பதன் வீரியமும் அதில் கலந்திருக்கும் கரைப்பானும் வேறு. தோல் வழியே உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பூனை வளர்ப்பவர்கள் குளித்து முடிக்கும்வரை அதைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

காலையில் குளித்ததும், கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாளைக்குக் குறையாமல் வைத்தால் பூச்சி தானாகச் செத்துவிடும். சொறிந்த புண் சீழ் பிடித்தாலோ, பிள்ளைக்கு முகம் வீங்கிச் சிறுநீர் சிவந்து போனாலோ கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண்ணில் சேரும் கிருமியால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு.