பூட்டிய கடை ஏலத்துக்கு வரும்போது

இங்கிலாந்தின் கடைத்தெருக்களில் நெடுநாள் பூட்டிக் கிடக்கும் கடைகளை, சொந்தக்காரர் விரும்பாவிட்டாலும் வாடகை ஏலத்தில் விட 2024 டிசம்பர் 2 முதல் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. 2023ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரம் இது. பாசெட்லா, டார்லிங்டன், மான்ஸ்ஃபீல்ட் கவுன்சில்கள் முதலில் முன்வந்தவற்றில் சில. சிறு முதலோடு கடை தேடுகிறவர்களுக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் வாடகை மலிவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஏலம் கேட்டுவிடாதீர்கள்.

கடை 365 நாள் தொடர்ந்து காலியாக இருந்திருக்க வேண்டும். அல்லது கடந்த 24 மாதத்தில் மொத்தம் 366 நாளாவது. ஜன்னலில் நாலு அட்டைப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டுக் கடை நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆள் நடமாட்டம் வழக்கமாக இருந்தால்தான் கணக்கில் சேரும். கவுன்சில்கள் சறுக்குவதும் இங்கேதான்: தேதியிட்ட படங்களும் வரிப் பதிவுகளும் கையில் இல்லாவிட்டால் சொந்தக்காரரின் மேல்முறையீட்டில் வழக்கு நிற்காது.

காலிக் கடைக்கு வரிச் சலுகை மூன்று மாதம்தான். அப்புறமும் ஏன் பூட்டி வைக்கிறார்கள்? வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பும் குறையும், வங்கிக் கடன் சிக்கலாகும் என்ற பயம் பலருக்கு. அதனால்தான் ஏலத்துக்கு முன் கவுன்சில் சொந்தக்காரருக்கு அனுப்பும் முதல் நோட்டீஸே பெரும் அழுத்தம். அது பத்து வாரம் செல்லும். எட்டு வாரத்துக்குள் அவரே நல்ல வாடகைதாரரைப் பிடிக்காவிட்டால் இறுதி நோட்டீஸ் வரும், அது பதினான்கு வாரம். எனவே ஒரு கடைக்கு முதல் நோட்டீஸ் போயிருப்பது தெரிந்தால், ஏலத்துக்குக் காத்திராமல் சொந்தக்காரரிடம் நேரே பேசுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல சமயம் அமையாது.

ஏலத்தில் குறைந்தபட்ச விலை கிடையாது. வந்த ஏலக் கேட்புகளில் ஒன்றைச் சொந்தக்காரர் தேர்ந்தெடுக்கலாம். அவர் தேர்ந்தெடுக்காவிட்டால் அதிக வாடகை சொன்னவருக்குப் போகும். மூன்று மாத வாடகை அல்லது 1,000 பவுண்ட், இதில் எது அதிகமோ அது டெபாசிட்.

கேட்பதற்கு முன் ஏல ஆவணங்களில் சர்வே அறிக்கையைப் படியுங்கள். நெடுநாள் பூட்டிய கட்டடத்தில் கூரை ஒழுகல், பழைய மின்கம்பி, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. எந்த வேலை சொந்தக்காரர் தலையில், எது உங்கள் தலையில் என்று ஒப்பந்தத்தில் வரிவரியாகப் பாருங்கள். சாவி வாங்கும் அன்றே எல்லா அறையையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கடையின் வரி மதிப்பு (வரி போடுவதற்காகக் கணக்கிடும் ஆண்டு வாடகை மதிப்பு) 12,000 பவுண்டுக்குள் இருந்து, உங்களுக்கு வேறு கடையும் இல்லையென்றால் சிறுதொழில் சலுகையில் வரியே கட்ட வேண்டியிராது, விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

குத்தகை ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரைதான். 1954ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான கடைக் குத்தகைக்குத் தரும் புதுப்பிப்பு உரிமை இதற்கு இல்லை. உணவகத்துக்குப் புகைபோக்கி, குளிர் அறை என்று இறங்குகிறவர்கள் போட்ட பணத்தைக் குத்தகைக் காலத்துக்குள் எடுக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். இரண்டு ஆண்டுக் குத்தகையென்றால், முடியும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடிய சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.