எக்ஸிகியூட்டிவ்: ஒரு சொல்லும் ஒரு சியாட்டில்காரரும்

டை கட்டிட்டு வெயில்ல பைக்ல அலையுற சேல்ஸ் பையனும் எக்ஸிகியூட்டிவ், பொதுப்பணித் துறையில ஃபைல்ல கையெழுத்து போடுற இன்ஜினியரும் எக்ஸிகியூட்டிவ், கோயில்ல உண்டியல் எண்ணும்போது கூடவே நிக்குற ஈ.ஓ.வும் எக்ஸிகியூட்டிவ், வெள்ளை மாளிகையில இருக்குறவரும் எக்ஸிகியூட்டிவ். அப்போ அந்த சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

மூலம் லத்தீன். எக்ஸ்னா வெளியே, செக்வின்னா பின்னாடியே போறது. ஒரு வேலைய கடைசி வரைக்கும் விடாம தொடர்ந்து போயி முடிக்கிறது, அதான் எக்ஸிகியூட். சீக்வெல், சீக்வென்ஸ் எல்லாம் இதோட பங்காளிங்கதான். தூக்குல போடுறதுக்கும் இதே சொல்லு வந்ததுக்கு காரணம், கோர்ட் தீர்ப்பு பேப்பர்ல இருக்கு, அத செஞ்சு முடிக்க ஒருத்தர் வேணும். உயில்ல வர்ற எக்ஸிகியூட்டரும் அப்படித்தான், செத்தவர் எழுதி வச்சத செஞ்சு முடிக்கிறவர். ஆக இது அடுத்தவங்க எடுத்த முடிவ செயல்படுத்துற ஆளுக்கான பேரு, ஆனா இன்னிக்கு விசிட்டிங் கார்டுல அத பாத்தா முடிவெடுக்குற பெரிய மனுஷன்னு தோணுது, அதான் வேடிக்கை.

அரசியல்ல இது சட்டம் போடுறவங்களுக்கு எதிர்ப்பக்கம். 1748ல பிரான்ஸ்காரர் மாண்டெஸ்கியூ அதிகாரத்த சட்டம் போடுறது, நடத்துறது, தீர்ப்பு சொல்றதுன்னு மூணா பிரிச்சு எழுதினாரு, 1787ல அமெரிக்கா அரசியல் சட்டம் எழுதினப்போ அந்தப் பிரிவ கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல எம்.எல்.ஏ.வா இருந்துக்கிட்டே மந்திரி ஆகலாம், சொல்லப்போனா எம்.எல்.ஏ.வா இல்லாதவர மந்திரி ஆக்கினா ஆறு மாசத்துக்குள்ள ஜெயிச்சு வரணும், இல்லன்னா பதவி போயிடும். அங்க சபைய விட்டு எழுந்து வந்தாதான் அந்தப் பக்க நாற்காலி. அதனாலதான் சட்டமன்றத்துல இருந்து எக்ஸிகியூட்டிவ் ஆனவர்னு அங்க தனியா ஒரு வரி எழுதுறாங்க, நமக்கு அதுல என்ன விசேஷம்னே புரியாது.

இதுக்கு நான் பாத்த நல்ல உதாரணம் டௌ கான்ஸ்டன்டைன். 1961ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து சியாட்டில்ல பொறந்தவரு, வாஷிங்டன் யுனிவர்சிட்டியில சட்டமும் நகரத் திட்டமிடலும் படிச்சாரு. 1997ல மாநில கீழ்சபை, 2000ல மேல்சபை, 2002ல கிங் கவுண்டி கவுன்சில் (கவுண்டின்னா நம்ம ஊரு மாவட்டம் மாதிரி). இது வரைக்கும் கை தூக்கி ஓட்டு போட்டு சட்டம் போடுற வேலை. 2009 தேர்தல்ல, முன்னாடி டிவியில நியூஸ் வாசிச்ச ஒரு அம்மாவ தோக்கடிச்சு கவுண்டி எக்ஸிகியூட்டிவ் ஆனாரு, அதுக்கப்புறம் 2013, 2017, 2021னு வரிசையா ஜெயிச்சாரு.

கிங் கவுண்டின்னா சும்மா இல்ல, 2020 கணக்குப்படி 22 லட்சத்துக்கு மேல ஜனங்க, சியாட்டிலும் பெல்வியூவும் மைக்ரோசாஃப்ட் இருக்குற ரெட்மண்டும் அதுக்குள்ளதான், நம்ம பசங்களும் அங்க நிறைய பேரு. மெட்ரோ பஸ், ஜெயில், கழிவுநீர், பொது சுகாதாரம் எல்லாம் கவுண்டி பாக்குது. பட்ஜெட் போட்டு கவுன்சில் முன்னாடி வைக்கிறவரு எக்ஸிகியூட்டிவ், வெட்டி ஒட்டி பாஸ் பண்றது கவுன்சில், பாஸானத நடத்தி முடிக்கிறது மறுபடி எக்ஸிகியூட்டிவ். கலெக்டர் வேலைக்கு எலக்‌ஷன் வச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதான். கான்ஸ்டன்டைனுக்கு முன்னாடி இதே நாற்காலியில கேரி லாக்கும் இருந்தாரு, மாநில சபையில 11 வருஷம், அப்புறம் இந்தப் பதவி, 1997ல மாநிலத்துக்கே கவர்னர்.

கான்ஸ்டன்டைன் கதையில எனக்கு புடிச்சது 2025தான். அஞ்சாவது தடவை நிக்கல. ஏப்ரல்ல அந்தப் பகுதியில ரயிலும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் நடத்துற சவுண்ட் டிரான்சிட்டுக்கு சி.இ.ஓ.வா, அதாவது சீஃப் எக்ஸிகியூட்டிவ் ஆபீசரா போயிட்டாரு, 2016ல மக்கள் ஓட்டு போட்டு ஓகே சொன்ன 5400 கோடி டாலர் திட்டம் அவங்க கையிலதான் இருக்கு. அதாவது ஒரே சொல்லோட ரெண்டு அர்த்தத்தையும் ஒரே ஆளு வாழ்ந்து பாத்தாச்சு, முதல்ல ஓட்டு வாங்கின எக்ஸிகியூட்டிவ், இப்போ சம்பளத்துக்கு வச்ச எக்ஸிகியூட்டிவ். சவுண்ட் டிரான்சிட்டோட 18 பேர் போர்டுல பாதி உறுப்பினர்கள நியமிக்கிறது கிங் கவுண்டி எக்ஸிகியூட்டிவ்தான், தான் நியமிச்சவங்களே தனக்கு வேலை குடுத்தா எப்படின்னு ஊர்ல முணுமுணுப்பும் வந்துச்சு, வராம இருந்தாதான் ஆச்சரியம்.

சரி, தமிழ்ல என்னன்னு எழுதுறது? இலங்கையில 'நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி'ன்னு சொல்றாங்க, மூலத்துக்கு ரொம்ப நெருக்கமான சொல்லு. ஆனா தமிழ்நாட்டு பேப்பர்ல 'மசோதா நிறைவேறியது'ன்னா சபை பாஸ் பண்ணிடுச்சுன்னு அர்த்தம், அதாவது எதிர்ப்பக்கத்து வேலை, அதனால இங்க அந்த சொல்லு குழப்பும். செயலர்னு வச்சுக்கலாம்னா செக்ரெட்டரி எடுத்துக்கிட்டாரு. மாவட்ட ஆட்சித் தலைவர்னா அது கலெக்டர். மிச்சம் இருக்குற இடத்துலதான் செயல் அலுவலர், செயற்பொறியாளர்னு ஒட்டவச்சு ஓட்டுறோம். நிர்வாகிங்கறது வடமொழி, ஆனா அதுக்கும் முடிவு வரை கொண்டு போறதுன்னுதான் அடிப்படை அர்த்தம், லத்தீனோட நல்லாவே ஒத்துப் போகுது.

என் கணக்கு இதுதான்: அரசாங்கத்தோட அந்தப் பிரிவுக்கு ஆட்சித்துறை, கவுண்டி பதவிக்கு கவுண்டி நிர்வாகத் தலைவர், சி.இ.ஓ.வுக்கு முதன்மைச் செயல் அலுவலர். சுருக்கி சி.இ.ஓ.ன்னு மட்டும் எழுதிடாதீங்க, நம்ம வாத்தியாருங்களுக்கு அது முதன்மைக் கல்வி அலுவலர், இன்ஸ்பெக்‌ஷன் வர்றாருன்னு நினைச்சு நோட்ட திருத்த ஆரம்பிச்சிடுவாங்க. சேல்ஸ் எக்ஸிகியூட்டிவுக்கு விற்பனையாளர்னே போதும், ஆனா அந்தப் பையன் கார்டுல அத போட ஒத்துக்க மாட்டான்.