தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30: டெண்டர் மதிப்பெண்ணின் உள்கணக்கு

அரசு டெண்டர் என்றாலே குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்றுதான் நினைக்கிறோம். ஒப்பந்தக்காரர்கள் பேச்சில் அவர்தான் 'எல்1'. சாலை போடவும் நாற்காலி வாங்கவும் பெரும்பாலும் அந்த வழிதான். ஆனால் ஒரு நகரத்தின் மழைநீர் வடிகாலுக்குத் திட்டம் வகுக்கும் ஆலோசகரையும் மலிவு பார்த்தே பிடித்தால், மிச்சம் பிடித்த பணம் அடுத்த ஐப்பசியில் தண்ணீரோடு போய்விடும். அங்கே தரத்தையும் அளந்தாக வேண்டும்.

அதற்காக வந்ததுதான் இரு உறை முறை. ஓர் உறையில் தொழில்நுட்ப விவரம், இன்னொன்றில் விலை. இப்போது இரண்டும் இணையத்தில் பூட்டிய கோப்புகள். பெயர் மட்டும் உறை என்றே நிற்கிறது. முதல் உறையைத் திறந்து மதிப்பிட்டு முடிக்கும்வரை இரண்டாவதைத் தொடக்கூடாது. விலை தெரிந்துவிட்டால் மதிப்பிடுபவரின் கண் தானாகவே அந்தப் பக்கம் சாயும். முதல் உறையில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை.

முதல் உறைக்குள்ளும் இரண்டு கட்டம் உண்டு. முதலாவது தகுதி: உண்டு அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. கட்டுமானப் பணிகளுக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ல் சொன்ன அளவுகோல் இன்றும் பல டெண்டர்களில் அப்படியே வரும். கடந்த 7 ஆண்டுகளில் இதே மாதிரி வேலை முடித்திருக்க வேண்டும்: மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் மூன்று, அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாமல் இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஒன்று.

இரண்டாவது கட்டத்தில்தான் மதிப்பெண். நிறுவனத்தின் அனுபவம், வேலையைச் செய்யப்போகும் முறை, களத்தில் இறங்கும் நிபுணர்கள் என்று தலைப்புகளைப் பிரித்து, எதற்கு எவ்வளவு என்று டெண்டர் ஆவணத்திலேயே அச்சிட்டுவிடுவார்கள். உலக வங்கியின் பழைய வழிகாட்டி நெறிகளில் நிறுவன அனுபவத்துக்கு 5 முதல் 10 மதிப்பெண்தான்; முக்கிய நிபுணர்களுக்கு 30 முதல் 60. வாசலில் தொங்கும் பலகையைவிட, வேலைக்கு வரும் ஆள் யார் என்பதே பெரிது.

பிறகு தரமும் விலையும் ஒரே கணக்கில் சேர்கின்றன. தரம்-விலை இணைந்த இந்தத் தேர்வை அலுவலகங்களில் 'கியூசிபிஎஸ்' என்பார்கள். மிகக் குறைந்த விலைக்கு 100 மதிப்பெண். மற்றவர்களுக்கு, அந்தக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது. பங்கு 70-க்கு 30 என்றால், தொழில்நுட்ப மதிப்பெண்ணை 0.7-ஆலும் விலை மதிப்பெண்ணை 0.3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் முடிவு. ஆலோசனைப் பணிகளில் தொழில்நுட்பத்தின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன 2017-ன் மத்திய பொது நிதி விதிகள். கட்டுமானம் போன்றவற்றிலும் இம்முறையை 2021 அக்டோபரில் அனுமதித்தபோது, தரத்துக்கு 30 சதவீதமே உச்சம் என்று வரம்பு கட்டினார்கள்.

70 என்று அச்சிட்டதாலேயே தொழில்நுட்பம் 70 பங்கு முடிவு செய்கிறது என்று அர்த்தமில்லை. எல்லோரும் தொண்ணூற்றைந்து வாங்கும் பாடம் கட்-ஆஃபில் யாரையும் முன்னே தள்ளாது அல்லவா? இங்கும் அதே கதைதான். குழு யார் மனமும் நோகாமல் ஒருவருக்கு 85, இன்னொருவருக்கு 80 போட்டால், அந்த ஐந்து மதிப்பெண் 0.7-ஆல் சுருங்கி 3.5 ஆகிறது. முதலாமவரின் விலை 20 சதவீதம் அதிகமென்றால் அவருடைய விலை மதிப்பெண் சுமார் 83.3; குறையும் 16.7, 0.3-ஆல் சுருங்கி 5 ஆகிறது. தோற்றுப்போவார். பலம் இருப்பது மதிப்பெண்களுக்கு இடையிலான தூரத்தில். தாராளமாக மதிப்பெண் போடும் குழு, தனக்கே தெரியாமல் எல்1 முறைக்குத் திரும்பிவிடுகிறது.

இதைவிட விசித்திரமான ஒன்றும் இந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத்தில் 88, விலை 150 லட்சம். 'ஆ'வுக்கு 80, விலை 120 லட்சம். கூட்டினால் 'அ' 85.6, 'ஆ' 86. 'ஆ' ஜெயிக்கிறது. இப்போது 71 மதிப்பெண்ணும் 105 லட்சம் விலையுமாக 'இ' என்று மூன்றாவது ஆள் வருகிறார் என்று வையுங்கள். அவருக்கு 79.7, கடைசி இடம். ஆனால் குறைந்த விலை மாறியதால் எல்லோருடைய விலை மதிப்பெண்ணும் இறங்குகிறது: 'அ' 82.6, 'ஆ' 82.25. ஜெயித்தது 'அ'! முதலிரண்டு பேரின் ஆவணத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தோற்கப்போகிறவர் ஒருவர் வந்ததே காரணம். இரண்டு தசம இடம்வரை கணக்குப் போடுவதில் இருக்கும் துல்லியம் பாதி தோற்றம்தான் என்பேன். ஆனாலும் சூத்திரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேண்டியவருக்குச் சாதகமாக வளைக்கும் இடத்தை அது குறைக்கிறது.

அமெரிக்கக் கூட்டரசு வேறு வழியில் போகிறது. அங்கே பெரிய டெண்டர்களில் பெரும்பாலும் எண்ணுக்குப் பதில் சொல்: 'மிகச் சிறப்பு', 'மிக நன்று', 'ஏற்கத்தக்கது', 'விளிம்புநிலை', 'ஏற்க இயலாதது'. அதற்கு முன் ஒவ்வொரு முன்மொழிவிலும் பலம், பலவீனம், குறைபாடு என்று குழு பட்டியலிடும். வேலை தோற்கும் ஆபத்தைக் கூட்டுவது பலவீனம். கேட்டதையே நிறைவேற்றாதது குறைபாடு.

2021 ஏப்ரலில் நாசா நிலவில் மனிதரை இறக்கும் கலத்துக்கு நிறுவனத்தைத் தேர்ந்தது இப்படித்தான். தொழில்நுட்பமே முதல் அளவுகோல், அடுத்தது விலை, பிறகு நிர்வாகம். ஸ்பேஸ்எக்ஸ், ப்ளூ ஆரிஜின் இரண்டுக்கும் தொழில்நுட்பத்தில் ஒரே சொல்: 'ஏற்கத்தக்கது'. போட்டியில் இருந்த மூன்றாவது நிறுவனமான டைனெடிக்ஸுக்கு 'விளிம்புநிலை', அதன் கலத்தின் எடை, அனுமதித்த எடையை வெகுவாகத் தாண்டியிருந்தது. முதலிரண்டும் சொல்லில் ஒன்றுதான், அடியில் அப்படியில்லை. ப்ளூ ஆரிஜின் காட்டிய ஆறு தொலைத்தொடர்பு இணைப்புகளில் நான்கு வேலை செய்யாது என்று குழு எழுதியது. நிர்வாகத்தில் ஸ்பேஸ்எக்ஸ் 'மிகச் சிறப்பு', விலையும் சுமார் 290 கோடி டாலர். ப்ளூ ஆரிஜின் கேட்டது சுமார் 600 கோடி. ஒப்பந்தம் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போனது.

தோற்ற இரண்டு நிறுவனங்களும் அமெரிக்க அரசுக் கணக்காய்வு அலுவலகத்திடம் முறையிட்டன. ஜூலை 30-ல் முறையீடு தள்ளுபடியானது. நீதிமன்றம் போன ப்ளூ ஆரிஜின் நவம்பரில் அங்கும் தோற்றது. கணக்காய்வு அலுவலகம் விடைத்தாளை மறுபடி திருத்துவதில்லை. அறிவித்த அளவுகோலைத்தான் பின்பற்றினார்களா, போட்ட சொல்லுக்குக் காரணம் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது: முடிவெடுத்த முறையைத்தான் ஆராய்வோம், முடிவை அல்ல. ஆகவே தோற்றவர் எனக்கு 80 இல்லை, 90 தரவேண்டும் என்று வாதாடிப் பயனில்லை. ஆவணத்தில் இல்லாத அளவுகோலை வைத்து 80 போட்டிருந்தால், வழக்கு நிற்கும்.