முள்ளந்தண்டு தண்ணீர் குடிக்கும் விதம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையிலிருந்து ஒரு தாய் எனக்கு எழுதியிருக்கிறார். தரம் 7 இல் படிக்கும் அவருடைய மகள் தோட்டத்திலிருந்து ஏற்றமும் இறக்கமுமான பாதையில் பாடசாலைக்கு நடந்து போகிறாள். புத்தகப்பையின் பாரத்தால் கூன் விழுந்துவிடுமோ என்று அவர் பயப்படுகிறார்.

பையின் நிறை பிள்ளையின் நிறையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 3 முதல் 4.5 கிலோ. பட்டிகள் இரண்டையும் தோளில் மாட்டி, பாரமான புத்தகங்களை முதுகோடு ஒட்டி அடுக்க வேண்டும். இந்த அறிவுரை சரிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மலைப்பாதையில் சுமையோடு ஏறும் நம் பிள்ளைகளின் முதுகை அளந்து பார்க்கும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பையைவிட என்னைக் கவலைப்படுத்துவது, அதே பிள்ளை வகுப்பில் அசையாமல் இருக்கும் நேரம். முள்ளென்புகளுக்கு இடையே 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உறுதியான நார் வளையத்துக்குள் பாகு போன்ற ஒரு மையம் இருக்கிறது. இளம் வயதில் அந்தப் பாகில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர்தான். அதிலுள்ள புரொட்டியோகிளைக்கன் மூலக்கூறுகள் மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்) கொண்டவை என்பதால், ஊறவைத்த கடலையைப் போல் அவை தண்ணீரை இழுத்துப் பருக்கின்றன. பகலில் உடலின் பாரமும் தசைகளின் இறுக்கமும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைப் பிழிந்து வெளியேற்ற, இரவில் படுத்ததும் அழுத்தம் தணிந்து தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. வளர்ந்தவர்கள் காலையில் இருந்ததைவிட மாலையில் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை குட்டையாவது இதனால்தான்.

இன்னும் வியப்பானது, இந்தத் தட்டு பசியாறும் முறை. குழந்தைப் பருவத்தில் இருக்கும் சிறு குருதிக்கலன்கள் வளர வளர மறைந்துவிடுகின்றன. வளர்ந்தவரின் தட்டின் நடுவிலுள்ள ஒரு கலத்துக்கு மிக அருகிலுள்ள குருதிக்கலனே 8 மில்லிமீற்றர் தொலைவில் இருக்கலாம். குளுக்கோசும் ஒட்சிசனும் மேலும் கீழுமுள்ள மெல்லிய கசியிழைய (குருத்தெலும்பு) தகடுகளின் ஊடாக மெதுவாகப் பரவித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். கழிவான இலத்திரிக் அமிலமும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரிய மூலக்கூறுகளோ தண்ணீரின் போக்குவரத்தோடு சேர்ந்தே நகர்கின்றன, அந்தப் போக்குவரத்து நடப்பதற்கு அழுத்தம் கூடிக் குறைய வேண்டும். நடப்பதும் எழுவதும் நிமிர்வதும் வளைவதுமே தட்டுக்கு உணவூட்டும் அசைவுகள்.

40 நிமிடப் பாடம் முழுவதும் தாழ்ந்த மேசையில் கொப்பிமேல் கவிழ்ந்து எழுதும் பிள்ளையின் தட்டு முன்பக்கமாக நசுங்கியபடியே இருக்கிறது. முன்னால் குனிந்து இருக்கும்போது தட்டின் உள்ளழுத்தம் உயர்வதை, சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசி செலுத்தி அளந்து காட்டினார். "நேராக இரு" என்று அதட்டுவதைவிட, பாடத்துக்குப் பாடம் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துக் கைகளை உயர்த்தச் சொல்வதே பயன் தரும். பாதம் தரையில் பதிய, முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும்; தரம் 6 பிள்ளைக்கும் தரம் 11 பிள்ளைக்கும் ஒரே உயர வாங்கைக் கொடுத்தால் அது நடக்காது.

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவது வேறு விடயம்; பை அதற்குக் காரணமன்று. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, முழங்கால் மடங்காமல் குனியச் செய்து பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், நூல் கட்டியோ எண்ணெய் போட்டு நீவியோ காலத்தைக் கடத்தாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வளைவு கூடுவதைத் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் தாங்கு பட்டை, எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் மட்டுமே வேலை செய்யும்.