போன் மாற்றும் முன் பேண்ட் பட்டியலைப் பாருங்கள்

கோலாலம்பூரில் டெல்கோக்களின், அதாவது கைப்பேசிச் சேவை நிறுவனங்களின், நெட்வொர்க்கை அளப்பது என் வேலை. காரில் சில கைப்பேசிகளையும் ஒரு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு செராஸ், செந்தூல், கெப்போங் என்று சுற்றுவோம். எந்தத் தெருவில் எந்தக் கோபுரத்தின் சிக்னல் எவ்வளவு கிடைக்கிறது என்று பதிவு செய்வோம். இந்த வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லைன் சரியாவே இல்ல, எந்தப் போன் வாங்கலாம்?"

இப்படிக் கேட்கும் பலருக்குப் புதுப் போன் தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களும் பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்குவதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜ் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் போன் எந்தெந்த அலைவரிசையில் பேசும் என்று கேட்டால் பதில் இல்லை. மூவாயிரம், நாலாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பிறகும் அதே சமையலறையில் அதே மாதிரி லைன் அறுந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

டெல்கோக்கள் சிக்னல் அனுப்பும் அலைவரிசைத் தொகுப்புகளைத்தான் பேண்ட் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மலேசியாவில் 4ஜி-க்கு அதிகம் பயன்படுபவை பி3 (1800 மெகாஹெர்ட்ஸ்), பி7 (2600), பி1 (2100), பி8 (900). யெஸ் என்ற டெல்கோவின் வாடிக்கையாளருக்கு பி40 (2300) வேண்டும். யூனிஃபை மொபைலுக்கு பி5 (850) முக்கியம். 5ஜி என்றால் என்78 (3500), என்28 (700) இரண்டும்.

மெகாஹெர்ட்ஸ் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 900 மெகாஹெர்ட்ஸ் கான்கிரீட் ஃப்ளாட்டின் உள்ளறை வரைக்கும் வந்து சேரும். 2600-உம் 3500-உம் ஜன்னலைத் தாண்டி இரண்டு சுவர் கடப்பதற்குள் தேய்ந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு வேகமான டேட்டா கொடுக்க அவற்றால்தான் முடியும், அங்கேதான் அகலமான இடம் இருக்கிறது. அதனால் தாழ்ந்த பேண்டும் வேண்டும், உயர்ந்த பேண்டும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும். எங்கே, எப்போது திணறும் என்பதுதான் மாறும்.

பங்சார் சவுத்தில் வேலை செய்யும் என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுடைய சித்தப்பா சென்னையிலிருந்து வரும்போது ஒரு போன் வாங்கி வந்து கொடுத்தார். வீட்டில் நன்றாக ஓடியது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். "செட்டு ஸ்லோவாயிடுச்சு மச்சான், பெரிய செட்டா எடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றான். அவன் போனையும், அதே டெல்கோவின் சிம் கார்டு போட்ட அவன் நண்பனின் போனையும் ஒரே மேசையில் வைத்து அளந்தேன். நண்பனின் போன் பி3-ஐயும் பி7-ஐயும் சேர்த்துப் பிடித்திருந்தது. இவனுடையது பி3-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பட்டியலில் பி1, பி3, பி5, பி8, பி40, பி41 எல்லாம் இருந்தன, பி7 இல்லை.

இது போனின் கோளாறு அல்ல. இந்தியாவில் 4ஜி-க்கு பி7-ஐப் பயன்படுத்துவதில்லை, அதனால் அங்கே விற்கும் மலிவு விலை மாடல்கள் பலவற்றில் அதை வைப்பதில்லை. ஜியோ 850, 1800, 2300-இல் ஓடுகிறது. அந்த ஊருக்கு அந்தப் போன் கச்சிதம். இங்கேயோ கூட்டம் கூடுகிற இடங்களில் நெரிசலைத் தாங்குவதே பி7-தான். சென்னை, திருச்சியிலிருந்து போன் வரவழைக்கும் பழக்கம் நம்மிடையே நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கடைசியில் மச்சான் ஆயிரம் வெள்ளி அளவிலான ஒரு மலேசியா செட்டை எடுத்தான். மதியத்தில் வீடியோ ஓடுகிறது.

இன்னொன்று அழைப்புச் சிக்கல். செந்தூலில் என் அத்தை ஒரு நாள், "ஐயா, பேசிக்கிட்டு இருக்கும்போதே வாட்ஸ்அப் நின்னுடுது. போன் பழசாயிடுச்சு போல" என்றார். போனை வாங்கி என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மேலே 4ஜி என்று இருந்தது, மணி அடித்ததும் 'E' என்ற ஆங்கில எழுத்தாக மாறியது. அதாவது அழைப்புக்காக போன் 2ஜி-க்கு இறங்கிவிட்டது.

மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு அழைப்பு 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்டீ (VoLTE). போனில் அது இல்லாவிட்டாலோ, அணைந்து கிடந்தாலோ 2ஜி-தான் கதி. 2ஜி-யில் பேசும்போது டேட்டா நின்றுவிடும், 2ஜி பலவீனமான இடத்தில் அழைப்பே அறுந்துபோகும். அத்தையின் போனில் செட்டிங்கில் வோல்ட்டீ அணைந்திருந்தது. அதைத் தட்டி இயக்கினோம், அவ்வளவுதான். வெளிநாட்டுச் செட்டுகளில் இது இன்னும் சிக்கல். போனுக்குள் வோல்ட்டீ வசதி இருந்தும், நம் ஊர் டெல்கோவுக்கான அமைப்பு மென்பொருளில் இல்லாததால் அது இயங்காமல் போவதுண்டு. பேண்ட் எல்லாம் பொருந்தியிருக்கும், அழைப்பு மட்டும் தகராறு செய்யும்.

சரி, உங்கள் வீட்டில் குறை போனிலா, இடத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டலாம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். பார்க்க வேண்டியது சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) எண். ஆண்ட்ராய்டில் செட்டிங், 'அபவுட் போன்', சிம் நிலவரம் என்று உள்ளே போனால் பெரும்பாலும் கிடைக்கும். சாம்சங் என்றால் *#0011# என்று அடித்துப் பாருங்கள், எந்த பேண்டில் இருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று போட்டு அழைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

4ஜி-யில் அந்த எண் மைனஸ் 85-ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115-க்குப் போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இதில் பத்து குறைந்தால் வந்து சேரும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்று அர்த்தம். மைனஸ் 85-க்கும் மைனஸ் 115-க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பார்க்க அவ்வளவு பெரிதாகத் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்.

வாசல், ஹால், படுக்கையறை, சமையலறை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் கார்டை வீட்டில் இன்னொருவர் போனில் போட்டு அதே இடங்களில் பாருங்கள். இரண்டு போனும் ஒரே மாதிரி சொன்னால் குறை போனில் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த செட் வாங்கினாலும் அங்கே பெரிய மாற்றம் வராது. வேறு டெல்கோவின் பிரீபெய்ட் கார்டு ஒன்றை வாங்கி அதையும் அளந்து பாருங்கள், நன்றாக இருந்தால் எண்ணை மாற்றாமலே அந்த டெல்கோவுக்குப் போகலாம். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை அழைப்பை இயக்கினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். புதுப் போனுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் இந்த ஒரு செட்டிங்கைத் தேடுங்கள், அது காசில்லாத மருந்து.

மாடி வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோண்டோவில் முப்பதாவது மாடியில் சிக்னல் நிறைந்திருக்கும், டேட்டா நகராது. கோபுர ஆண்டெனாக்களைத் தெருவை நோக்கிச் சற்றுக் கீழே சாய்த்து வைத்திருப்பார்கள். அந்த உயரத்தில் எந்தக் கோபுரமும் முறையாகச் சேராமல், தூரத்துக் கோபுரங்கள் பலவற்றின் சிக்னல் ஒன்றோடொன்று மோதும். போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் சூடாகும். சிலசமயம் ஜன்னலை விட்டு உள்ளே வந்தால் வேகம் கூடுவதைப் பார்க்கலாம். போன் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. டெல்கோவிடம் முகவரியோடும் மாடி எண்ணோடும் புகார் கொடுங்கள். கண்டுகொள்ளாவிட்டால் டெல்கோக்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சி-யிடம் போகலாம். அளந்த எண்களையும் பேண்டையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை எளிது. 'லைன் இல்லை' என்று மட்டும் வரும் புகாரை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று மோசமான போன் என்றால் கதை வேறு. உலோகத் தகடு வைத்த உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அண்மையில் திரை மாற்றினீர்களா, பின்மூடி மாற்றினீர்களா என்று யோசியுங்கள். உள்ளே ஆண்டெனாவை போர்டோடு இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு, நுனியில் அரிசியளவு பித்தான். திறந்து மூடும்போது அது சரியாக உட்காராவிட்டால் சிக்னல் படுத்துவிடும். திரும்பப் போய் அழுத்திவிடச் சொன்னாலே போதும், சில நிமிட வேலை.

இனி 5ஜி. அரசு தொடங்கிய டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் நிறுவனத்தின் 5ஜி 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கியது. இரண்டாவது நெட்வொர்க்கை அமைக்க 2024 நவம்பரில் யூ மொபைல் என்ற டெல்கோ தேர்வானது. வெளியில் வேகமாக ஓடுவது என்78. கட்டடத்துக்குள்ளும், ஊர் எல்லை தாண்டியும் கைகொடுப்பது என்28. 2019-இல் அனலாக் தொலைக்காட்சி நின்றபோது காலியான 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அது. பினாங்கில் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் இருப்பவர்கள் என்28 இல்லாத போனை வாங்க வேண்டாம் என்பேன். தொடக்க காலத்தில் வந்த சீனச் செட்டுகள் சிலவற்றில் 5ஜி என்று பெரிதாக எழுதியிருக்கும், என்28 இருக்காது. அமெரிக்க டெல்கோவுக்காகச் செய்த பழைய செட்டுகள் சிலவற்றில் என்41, என்71 இருக்கும், என்78 இருக்காது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இவை மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பு. இங்கே அவற்றில் 5ஜி பெயரளவுக்குத்தான்.

கோலாலம்பூரின் மின்னணுச் சந்தையான லோ யாட் பிளாசாவில் ஏபி செட் (வேறு நாட்டுக்காகச் செய்து இங்கே இறக்குமதியானது), மலேசியா செட் என்று இரண்டு விலை சொல்வார்கள். ஏபி செட் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரை நம்பாதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு ரேடியோ வைத்து விற்கிறார்கள். சாம்சங் மாடல் எண்ணின் வாலில் 'U' இருந்தால் அமெரிக்கா, 'N' இருந்தால் கொரியா. நம் வட்டாரத்துக்கு வருவது பெரும்பாலும் 'B' அல்லது 'E'. ஐபோனில் 'A' என்று தொடங்கும் நான்கு இலக்க எண்ணை வைத்து ஆப்பிள் தளத்திலேயே பேண்ட் பட்டியலைப் பார்க்கலாம். ஐபோன் 14 முதல் அமெரிக்கச் செட்டில் சிம் தட்டே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். சிரிம் (SIRIM) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது மலேசியாவுக்காகச் சோதித்துச் சான்று பெற்ற செட்.

லைன் கிடைக்க, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இணையத்தில் விற்கும் அந்தப் பூஸ்டரை, அதாவது ரிப்பீட்டரை, அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்து வீடுகளின் சிக்னலையும் அது கெடுக்கும். ஒரு முழுத் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) லைன் படுத்ததற்கு யாரோ ஒருவர் கூரையில் மாட்டிய பெட்டி காரணமாக இருப்பதை எங்கள் வேலையில் பார்க்கிறோம். பின்பக்கம் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கருக்குப் பத்து வெள்ளி கொடுப்பதும் வீண், அது எதுவும் செய்யாது.

கடையில் காசு கொடுக்கும் முன் உங்கள் கார்டை அந்தப் போனில் போடுங்கள். யாருக்காவது ஒரு நிமிடம் அழைத்துப் பேசுங்கள். பேசும்போது மேலே 4ஜி என்ற எழுத்து நிற்கிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கடைக்காரர் முன்னாலேயே வோல்ட்டீயை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் வேறு செட் கேளுங்கள்.