தங்கமீனின் கண் நரம்பும் நம்முடையதும்

வெள்ளவத்தையில் நான் மாலை வேளைகளில் நோயாளரைப் பார்க்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஐயா ஒருவர் அதைக் காட்டிக் கேட்டார்: "டொக்டர், இந்தத் தங்கமீனுக்குக் கண் நரம்பு அறுந்தாலும் திரும்ப வளருமாம். பேரன் போனில காட்டினவன். அப்ப எனக்கும் வரும்தானே?"

அவருக்குக் குளுக்கோமா, அதாவது பெரும்பாலும் கண்ணுள் அழுத்தம் கூடிக் கண் நரம்பு நலியும் நோய். வலி ஒன்றும் இல்லையே என்று ஆறு மாதமாகச் சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தார்.

பேரன் சொன்னது உண்மைதான். தங்கமீனின் பார்வை நரம்பு நசுங்கினாலும் அறுந்தாலும், சில வாரங்களில் இழைகள் வளர்ந்து மூளையை எட்டிவிடும். மீனுக்குப் பார்வை திரும்பும்.

நீளமான நரம்பிழைக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி விழித்திரையிலுள்ள கலத்தின் உடலில் உருவாகி, இழை வழியே போக வேண்டும். 1967இல் பெர்னிஸ் கிராஃப்ஸ்டீன் என்ற ஆய்வாளர் கதிரியக்கம் ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலத்தைத் தங்கமீனின் கண்ணுக்குள் செலுத்தி இந்த ஓட்டத்தைக் காட்டினார். கலங்கள் அதைப் புரதத்தில் கோத்தன. அந்தப் புரதம் மூளைக்குப் போவதை அளக்க முடிந்தது. ஒரு பகுதி நாளுக்குப் பல பத்து மில்லிமீற்றர் ஓடியது. இன்னொரு பகுதி நாளுக்கு 1 மில்லிமீற்றர்கூட நகரவில்லை. இழையின் சட்டகம் கட்டும் புரதங்கள் இந்த மெதுவான ஓட்டத்தில்தான் போகின்றன.

நரம்பு அறுந்ததும் மீனின் கலம் பருத்து, புரத உற்பத்தியைக் கூட்டுகிறது. வேகமாகப் போகும் சரக்கு பல மடங்காகிறது. ஜிஏபி-43 என்ற புரதம் வளரும் நுனியில் போய்க் குவிகிறது. நம் கண்ணில் இப்படி நடப்பதில்லை. கலங்களில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. மிஞ்சியவை நீட்ட முயன்றாலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை தடுக்கிறது. கையில் நசுங்கிய நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். கண் நரம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஐயாவிடம் நான் அதிக நேரம் பேசியது இதற்கு அடுத்த விஷயத்தைத்தான். 1974இல் குரங்குகளின் கண்ணிலும் லியூசினைச் செலுத்திப் பார்த்தார்கள். கண்ணுள் அழுத்தத்தை உயர்த்தியபோது, நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் புரத ஓட்டம் தடைப்பட்டது. குளுக்கோமாவில் நரம்பு நலிவதும் அதே இடத்தில்தான். அதனால்தான் சொட்டு மருந்து. போன பார்வையை அது மீட்காது. அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் இழைகளைக் காக்கும்.

வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான குளுக்கோமாவில் வலி வருவதில்லை. பக்கப் பார்வை சத்தமில்லாமல் சுருங்கும். இன்னொன்று: கண் சிவந்தால் பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீரொயிட் சொட்டுகளே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கலங்குகிறது. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால், நாற்பது வயதுக்குள் ஒருமுறை அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள்.

ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப பெடியளையும் காட்ட வேணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை இரண்டு மகன்களோடு வந்தார். மூத்தவருக்கு அழுத்தம் வழமையைவிடக் கூடி 27 ஆக இருந்தது, பக்கப் பார்வை இன்னும் முழுதாக இருந்தது. அன்றே சொட்டு மருந்தைத் தொடங்கினோம்.