கஞ்சி பிடிக்கும், பச்சை மாவு உடைக்கும்

சேலம் மாவட்டத்து ஆத்தூர் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். காய்ச்சல் மாத்திரை மேல் ஒரு சொட்டு அயோடின் விடுகிறார்கள், மாத்திரை கருநீலமாகிறது. "வெறும் மாவை விற்கிறான் பாருங்க!" என்று பின்னால் ஒரு குரல் கொதிக்கிறது. "நிஜமா சார்?" என்று கேட்கிறார் வாசகர்.

மாவு இருப்பது நிஜம், மாத்திரை செய்ய அது வேண்டும். கலப்படம் என்பதுதான் பொய். பள்ளியில் நாம் செய்த அதே ஸ்டார்ச் சோதனையைத்தான் பேய்க்கதையாக்கியிருக்கிறார்கள்.

சேலத்துக்காரரிடம் மரவள்ளிக் கிழங்கு மாவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன். பச்சை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் கரையாது, அடியில் போய்ப் படியும். அதையே காய்ச்சினால், 65 டிகிரியைத் தாண்டும்போது மணிகள் ஊதி வெடித்து, உள்ளே சுருண்டிருந்த சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே வந்து பின்னிக்கொள்ளும். அதுதான் கஞ்சி. பருத்திச் சேலைக்கு மொடமொடப்பு தருவதும், சுவரில் போஸ்டரைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். மருந்துத் தூளைக் கஞ்சி விட்டுப் பிசைந்து, சலித்து, உலர்த்தினால் குருணை கிடைக்கும்.

இப்போதுதான் வேடிக்கை. அந்தக் குருணையோடு பச்சை மாவைத் தனியாகக் கலந்து, அப்புறம்தான் மாத்திரையாக அழுத்துகிறார்கள். ஒட்டுவதற்குக் கஞ்சி, உடைவதற்குப் பச்சை மாவு. இரண்டும் ஒரே பொருள், ஒன்று மட்டும் அடுப்பைப் பார்த்தது.

வயிற்றுக்குள் போனதும் மாவு மணிகளின் இடுக்கு வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. மணிகள் கொஞ்சம் உப்புகின்றன. இயந்திரத்தில் நசுங்கிக் கிடந்தவை, ஈரம் பட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்த்துப் பக்கத்துக் குருணையை நெட்டித் தள்ளுகின்றன. இதில் எது பெரிய வேலை செய்கிறது என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

உலகெங்கும் மக்காச்சோள மாவுதான் அதிகம் போடுகிறார்கள். மரவள்ளி மாவும் இந்த வேலையைச் செய்யும். சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஜவ்வரிசியோடு நிற்காமல் மருந்துத் தர மாவுக்கும் பணம் ஒதுக்கக் கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாக மாத்திரை அடிக்கிறது. தாத்தா அக்கம்பக்கத்து டாக்டர்களுக்குக் கொடுத்தார்; பேத்தி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார். கடல் தாண்டினால் பெரிய தொல்லை ஈரம்தான். ஸ்ட்ரிப்புக்குள்ளேயே மாவு ஈரத்தைக் குடித்துவிட்டால் மாத்திரை நொய்ந்துபோகும். அதனால் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒருமுறை அச்சில் ஒட்டாமலிருக்கப் போடும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அதிக நேரம் கலக்கிவிட்டார்களாம். சும்மா சொல்லக் கூடாது, அது மெழுகு மாதிரி தண்ணீரை அண்ட விடாது. மாத்திரை கூழாங்கல்லாகக் கிடந்தது. அந்த பேட்ச் மொத்தமும் குப்பைக்குப் போனது.

நான் போன அன்று, மாத்திரை எவ்வளவு நேரத்தில் உடைகிறது என்று பார்க்கும் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. 37 டிகிரித் தண்ணீரில் ஆறு கண்ணாடிக் குழாய்கள், ஆளுக்கொரு மாத்திரையோடு, நிமிடத்துக்கு முப்பது தடவை முங்கி முங்கி எழுந்தன. மேல்பூச்சில்லாத மாத்திரைக்குக் கெடு 15 நிமிடம். நாலாவது நிமிடத்தில் ஐந்து குழாய் காலி. ஆறாவதில் மட்டும் ஒரு துணுக்கு குழாயின் அடி வலையில் தொற்றிக்கொண்டு நின்றது. பேத்தி ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை.